ரேஷனில் பிறந்த பக்குவம்

1992-இல் கியூபாவின் வீடுகளில் அடுப்பெரிக்க எண்ணெய் இல்லை. அடுப்பில் ஏற்றவும் பெரிதாக எதுவும் இல்லை. சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அங்கிருந்து வந்துகொண்டிருந்த பெட்ரோலியமும் தானியமும் உரமும் நின்றுபோயின. அமெரிக்கத் தடை அதே ஆண்டில் இன்னும் இறுகியது. அந்த நேரத்தில் தில்லியில், மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக அந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருந்த ஹர்கிஷன் சிங் சுர்ஜித், கியூபாவுக்கு 10,000 டன் கோதுமை அனுப்பியே தீருவது என்று கிளம்பினார். பஞ்சாப் விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். நரசிம்ம ராவ் அரசு தன் பங்காக இன்னொரு 10,000 டன் சேர்த்தது. கோதுமையோடு சோப்பும் போனது. அந்த மாவில் சுட்ட ரொட்டியை சுர்ஜித்தின் ரொட்டி என்று ஃபிடல் காஸ்ட்ரோ அழைத்ததாகத் தில்லித் தோழர்கள் இன்றும் சொல்வார்கள்.

இதை எல்லோரும் அரசியல் கதையாகத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சமையலறைக் கதையாகவே மனதில் தங்கிவிட்டது. கியூபா கோதுமை விளையும் நாடு அல்ல. கரும்பும் புகையிலையும் மரவள்ளியும் வாழையும் விளைகிற வெப்பத் தீவு அது. ஆனாலும் ஆளுக்கு ஒரு ரொட்டி அங்கே அன்றாட உரிமை. 1962 முதல் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பங்கீட்டுப் புத்தகம் இருக்கிறது. அரிசி, பயறு, சர்க்கரை, எண்ணெய், வறுத்த பட்டாணி கலந்த காபித்தூள், 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் என்று அதில் வரவு வைத்துத் தருவார்கள். கடைக்காரர் பேனாவால் குறித்துக் கொடுக்கும் அந்தப் புத்தகத்தின் படத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் பழைய குடும்ப அட்டைதான் கண்முன் வரும். மண்ணில் விளையாததை அரசாங்கம் கையில் கொடுக்க, அதை வைத்து வீட்டுச் சமையல் தன்னை மாற்றிக்கொள்கிறது. தில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் நடந்தது இதுதான்.

கியூபாவின் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கு அத்தனை அந்நியம் இல்லை. அடிப்படை அரிசிச் சோறு. கூடவே கறுப்பு பீன்ஸ். முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் பச்சைக் குடைமிளகாய்த் துண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு நிதானமாக வேகவைக்கிறார்கள். தனியாக ஒரு வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, சீரகம் போட்டு வதக்குகிறார்கள். சொஃப்ரிட்டோ என்று பெயர். நம் தாளிப்பைவிட ஈரமானது, வெங்காயம் குழைகிறவரை விடுவது. வெந்த பயறில் ஒரு கரண்டி எடுத்து அந்த வாணலியிலேயே போட்டு மசித்துவிட்டு, மொத்தத்தையும் பானையில் கொட்டிவிடுகிறார்கள். மசித்த அந்த ஒரு கரண்டிதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. கடைசியில் துளி வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை. பயறையும் அரிசியையும் ஒரே பானையில் சேர்த்து வேகவைத்தால் அது 'மூர்களும் கிறித்தவர்களும்'. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் கலந்த சூடான எண்ணெயை மேலே ஊற்றுவார்கள். பச்சை வாழைக்காயைத் தடிமனாக நறுக்கிப் பொரித்து, தட்டித் தட்டையாக்கி, மறுபடி பொரிப்பார்கள். மரவள்ளி தைனோ பழங்குடிகளுடையது. சீரகமும் பூண்டும் ஸ்பெயினிலிருந்து வந்தவை. வாழைக்காயைக் கையாளும் விதத்தில் ஆப்பிரிக்க அடிமைகளின் கை இருக்கிறது. ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ் என்ற மானுடவியலாளர் 1939-இல் ஹவானாப் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, கியூபா என்பதே கிழங்கும் இறைச்சியும் சோளமும் போட்டுக் கொதித்துக்கொண்டிருக்கும் அஹியாக்கோ பானைதான் என்றார்.

தில்லியின் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பஞ்சாபி வீடுகளிலிருந்து எழும் ராஜ்மா வாசனையும் இந்தக் கறுப்பு பீன்ஸும் உறவுக்காரர்கள். உவமையாகச் சொல்லவில்லை. இரண்டும் தாவரவியலில் ஒரே இனம். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, கப்பலேறி உலகைச் சுற்றிய அதே விதை. அதன் சிவப்பு வகை ஜம்முவின் மலைச்சரிவுகளில் ராஜ்மாவாயிற்று. பத்ரவா ராஜ்மா இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள். வெங்காயம், பூண்டு, சீரகம், இரவு ஊறல், நீண்ட கொதி, பக்கத்தில் வெள்ளைச் சோறு. இஞ்சியும் தக்காளியும் மிளகாய்த்தூளும் மட்டும் தில்லிக்காரர்கள் சேர்த்துக்கொண்டவை. ஹவானாவில் ஒரு பாட்டியும் ரஜவுரி கார்டனில் ஒரு பாட்டியும் ஒருவர் பானையை மற்றவர் திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் என்னவென்று சொல்லிவிடுவார்கள்.

கியூபாவில் இந்தச் சமையலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர் நிட்சா வியபோல். 1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் ஆரம்பித்த அவருடைய 'கொசினா அல் மினூட்டோ' நாற்பதாண்டுக் காலம் ஓடியது. அதே பெயரில் வந்த சமையல் புத்தகத்தின் பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த நாட்டின் வரலாறு தெரியும். புரட்சிக்கு முந்தைய பதிப்பில் இறக்குமதிப் பொருள்கள், வெண்ணெய், வகைவகையான இறைச்சி. பிந்தைய பதிப்புகளில் அவை ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நாட்டைவிட்டு மயாமிக்குப் போனவர்கள் முதல் பதிப்பைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். தங்கியவர்களுக்கு அவரே திரையில் தோன்றி, இன்று கடையில் கிடைப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1990களின் நெருக்கடியில் பப்ளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட்டின் தோலுக்கு உள்ளிருக்கும் வெண்சதையை மசாலாவில் ஊறவைத்து, இறைச்சித் துண்டைப்போலப் பொரித்துச் சாப்பிட்டார்கள். மயாமிக்காரர்கள் பலர் அவரை மன்னிக்கவில்லை. எனக்கோ அவர்மேல் பெரிய மரியாதை. அவர் சமையலை ஒரு கனவாக வைத்துக் காட்டவில்லை. இன்றைக்கு உன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

நம் பக்கத்தில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது 1951-இல். ஏறக்குறைய நிட்சா தொலைக்காட்சிக்கு வந்த அதே காலம். கல்யாணமாகித் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போன பெண்களின் டிரங்குப் பெட்டிகளில் அது பயணம் போனது. சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு விரிய விரிய, குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் கணக்காளர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் கோல் மார்க்கெட், லோதி காலனி, சரோஜினி நகர், ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ்களில் குடியேறின. அந்தப் புத்தகத்தில் ஆழாக்கும் பலமுமாக அளவுகள் துல்லியமாக இருந்தன. ஆனால் ஜனவரி மாதத் தில்லியில் இட்லி மாவு பொங்காது என்று அதில் இல்லை. ரேஷனில் புழுங்கலரிசி வராமல் கோதுமை வந்தால் என்ன செய்வது என்பதும் இல்லை. அதை அந்தப் பெண்கள்தான் எழுதினார்கள், காகிதத்தில் அல்ல.

எப்படி எழுதினார்கள் என்று அருகில் போய்ப் பார்க்கலாம். இட்லி அரிசிக்குப் பதிலாகப் பஞ்சாபிக் கடையில் கிடைத்த சேலா அரிசி. அது புழுங்கவைத்த நீள அரிசி. ஊற நேரம் பிடிக்கும், அரைத்தால் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அதனால் உளுந்தைச் சற்றுக் கூட்டிப்போட்டு, வெந்தயத்தையும் கூட்டினார்கள். குளிர் 5 டிகிரிக்கு இறங்கும் இரவில் மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு ரஜாயைப் போர்த்தினார்கள். காலையில் பொங்கவில்லை என்றால் அன்றைக்குத் தோசை. டிசம்பரில் சந்தைக்கு வரும் பத்துவாக் கீரையைப் பார்த்ததும் இது நம்மூர்ச் சக்கரவர்த்திக் கீரை என்று கண்டுகொண்டு, துவரம்பருப்போடு மசியல் செய்தார்கள். பக்கத்து வீட்டு சர்தாரிணி அதையே தயிரில் போட்டு ராய்த்தா செய்தார். சின்ன வெங்காயம் கிடைக்காத சாம்பாரில் முழங்கை நீள வெள்ளை முள்ளங்கி. தில்லியின் சிவப்புக் காரட் பொரியலுக்கு ஆகாத அளவு இனிப்பு. அதற்குப் பச்சைமிளகாயை இரட்டிப்பாக்கினால் சரியாக வரும். கறிவேப்பிலை பால்கனித் தொட்டியில். முருங்கைக்காய்க்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் போகவேண்டும், பஸ் பிடித்து. ரேஷன் கோதுமையை மாவு மில்லில் கொடுத்து, கொஞ்சம் மாவாகவும் கொஞ்சம் ரவையாகவும் உடைத்து வாங்கினார்கள். ரவை உப்புமாவாகவும் பொங்கலாகவும் போயிற்று. தில்லி பால் திட்டம் 1959-இல் தொடங்கியபின், விடியுமுன் எழுந்து பால் பூத் வரிசையில் நின்றால்தான் காலைக் காபி.

இப்படியெல்லாம் செய்தது தில்லியில் தமிழ்ச் சமையலைக் காப்பாற்றுவதற்காக என்று யாரும் அன்று நினைத்திருக்கமாட்டார்கள். பத்து மணிக்கு ஆபீஸ் போகிறவருக்கும் பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கும் டப்பா கட்டவேண்டும். அவ்வளவுதான் காரணம். ஆனால் இன்று நாம் மரபு என்று சொல்கிற ஒவ்வொரு பக்குவத்துக்கும் பின்னால் இதைப்போல ஒரு காரணம்தான் இருந்திருக்கும் என்பது என் துணிபு. மிளகாயே நம் ஊருக்கு வந்து ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. மிளகு காரத்துக்குப் பழகிய ஒரு கை, விலை மலிவாகக் கிடைத்த புதுக் காய் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறது. சரவணபவனும் உடுப்பியும் தில்லிக்குக் கொண்டுவந்த சாம்பார் ஒன்று. சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸ் சாம்பார் வேறொன்று. இரண்டாவதுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.

கருவிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இந்தியாவில் ஹாக்கின்ஸும் பிரஸ்டீஜும் குக்கர் செய்யத் தொடங்கியது 1959-ஐ ஒட்டி. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, காஸ் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு என்ற காலத்தில், ராஜ்மாவை நாலைந்து விசிலில் இறக்க முடிந்தது எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்தத் தலைமுறைப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். இதே விடுதலையைக் காஸ்ட்ரோ 2005 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று அறிவித்தார். அரசே மலிவு விலையில் மாதம் 1 லட்சம் குக்கர் வீதம் வீடுகளுக்குக் கொடுக்கும் என்று மணிக்கணக்கில் விளக்கினார். ஒரு நாட்டின் தலைவர் பயறு வேகும் நேரத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதை உலகப் பத்திரிகைகள் கேலியாக எழுதின. எனக்குக் கேலி வரவில்லை. எந்த அடுப்பில், எவ்வளவு எரிபொருளில், யாருடைய நேரத்தில் பயறு வேகிறது என்பதைவிட அரசியலான கேள்வி குறைவு. அடுத்து மின்சார அரிசிக் குக்கர்களும் அடுப்புகளும் வந்தன. கியூபாவின் வீடுகள் மண்ணெண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு மாறின. 2024 அக்டோபர் 18 அன்று அந்த நாட்டின் மின்கட்டமைப்பு முழுவதுமாகச் சரிந்தபோது, அத்தனை குக்கர்களும் ஒரே நேரத்தில் அணைந்தன. மக்கள் தெருவோரம் கரியும் விறகும் மூட்டிச் சமைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான், மாவுத் தட்டுப்பாட்டால் ரேஷன் ரொட்டியின் எடை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைந்திருந்தது. 1992-இல் கப்பலேறிப் போன கோதுமையின் கதை அங்கே இன்னும் முடியவில்லை.

பஞ்சத்தைப் புகழ்வது என் நோக்கம் அல்ல. பழத்தோலைப் பொரித்துத் தின்ன நேர்ந்ததைப் படைப்பாற்றல் என்று மெச்சுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. பசித்தவர்கள் அதைச் சாப்பிட்டார்கள், மெலிந்தார்கள். வரிசையில் நின்றவள் பெரும்பாலும் பெண். பற்றாக்குறை தீரவேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் இருப்பதைப் பார்த்து முடிவெடுக்கிற அந்தக் கையின் அறிவு, பற்றாக்குறையோடு சேர்ந்து தொலையவேண்டியதில்லையே என்பதுதான் என் கவலை.

இன்றைய தில்லியில் அது தொலைகிறது. குருகிராமில் 2013-இல் குரோஃபர்ஸாகத் தொடங்கிப் பிளிங்கிட் ஆகிவிட்ட நிறுவனத்தாலும் அதன் போட்டியாளர்களாலும், புளி இல்லை என்றால் பத்து நிமிடத்தில் புளி வருகிறது. புளிக்குப் பதில் என்ன போடலாம் என்று யோசிக்கவேண்டிய தருணமே வீட்டில் வருவதில்லை. ஜனவரியிலும் பாக்கெட் மாவு பொங்கித்தான் வருகிறது. ஏர்ஃபிரையரில் வாழைக்காய், யூடியூபில் பார்த்துச் செய்கிற கொரியன் நூடுல்ஸ், மெக்ஸிகன் சோறு, கறுப்பு பீன்ஸும் டப்பாவில் கிடைக்கிறது. புதிதாகச் சமைத்துப் பார்க்கும் ஆர்வம் பெருகியிருப்பது நல்லதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் சமையலறைப் பக்கமே போகாத ஆண்கள் பலர் சமைக்கக் கற்றார்கள். அது நிலைத்தால் மிக நல்லது. ஆனால் பொருளை வாங்கிச் செய்முறையைப் பின்பற்றுவது வேறு, சட்டியைப் பார்த்து நிதானிப்பது வேறு. முதலாவது பெருகும்போது இரண்டாவது தானாக வளர்ந்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம், வீட்டுச் சமையல் விற்பனைக்கும் வந்திருக்கிறது. கியூபாவில் 1990களின் நடுவில், வீட்டுக்குள்ளேயே 12 இருக்கைவரை போட்டு உணவகம் நடத்த அனுமதித்தார்கள். பலாதார் என்று பெயர். பாட்டியின் பயறு டாலருக்கு விற்றது; விற்ற வீட்டுக்கு வாழ்வு வந்தது. தில்லியிலும் 'ஹோம் ஷெஃப்' என்ற பெயரில் செட்டிநாடும் கொங்கும் காயஸ்தர் வீட்டுச் சமையலும் வார இறுதி விருந்துகளாக விற்பனையாகின்றன. அந்த விருந்துகளில் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம் என்று அறிமுகம் செய்யும்போதெல்லாம், அந்தத் தலைமுறைகளில் அரைத்தவர், தேய்த்தவர், தண்ணீர் சுமந்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். தில்லியின் நடுத்தர வீடுகளில் அன்றாடச் சமையல் இன்று பெருமளவு சம்பளத்துக்கு வரும் பெண்களின் கையில். அவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறைய.

ஜங்புராவில் வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் வாழ்ந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். விழுப்புரம் பக்கம். சுற்றுவட்டாரத்தில் பஞ்சாபி வீடுகளில் சமைத்துவந்தார். அவரோடு பேசும்போதுதான் ராஜ்மா பேச்சு வந்தது. "மசாலாப் பொடியெல்லாம் அவங்க சொல்றபடிதான் போடுவேன் தம்பி. இறக்குறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு கரண்டி எடுத்து நல்லா மசிச்சு உள்ள விட்ருவேன். அப்பதான் குழம்பு கூடி வரும். நம்ம ஊர்ல மொச்சக்கொழம்புக்கு அம்மா அப்படித்தான் செய்யும்" என்றார். அவர் கியூபாவைக் கேள்விப்பட்டதில்லை. ஹவானாவின் சமையலறையில் செய்வதை, மொச்சையிலிருந்து ராஜ்மாவுக்குத் தானே கொண்டுவந்திருந்தார். வீட்டுக்காரர்களுக்கு ராஜ்மா நன்றாக இருக்கிறது என்பது தெரியும். ஏன் என்று தெரியாது. அவருடைய சொந்தச் சமையலும் ரேஷனுக்குத் தகுந்தபடி மாறியதுதான். தமிழ்நாட்டு அட்டைக்கு அரிசி. தில்லியில் கோதுமைக்குத்தான் பெரும்பங்கு. இரவுக்கு ரொட்டி, தொட்டுக்கொள்ளப் புளிக்குழம்பு. பிள்ளைகள் அதைத்தான் வீட்டுச் சாப்பாடு என்று சொல்லி வளர்ந்தார்கள்.

2025 ஜூன் 1 அன்று, பாரபுல்லா வடிகாலைத் தூர்வாருவதற்காக, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று ஏற்கப்பட்டவை 189. அவையும் நகரின் வடகோடி நரேலாவில். ஜங்புராவில் காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டவேண்டியவர் நரேலாவிலிருந்து எப்படி வருவார்? வேலை போயிற்று. பஞ்சாபி வீடுகளில் ராஜ்மா குழம்பு கூடிவருவது நின்றிருக்கும். இதை இழப்புக் கணக்கில் யாரும் எழுதமாட்டார்கள், எனக்கு எழுதத் தோன்றுகிறது.

தில்லித் தமிழர் வீட்டுச் சமையலை ஒரு நூலாக்கவேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். குவார்ட்டர்ஸும் கேம்ப்பும் ஒரே நூலில். ஒவ்வொரு பக்குவத்தின் கீழும் அது எந்த ஆண்டுகளில் புழங்கியது, ரேஷனில் அப்போது என்ன வந்தது, என்ன அடுப்பு, சமைத்தவர் எந்த ஊர், யாருக்காகச் சமைத்தார் என்ற விவரங்கள் வேண்டும். நிட்சாவின் பதிப்புகள் தாமறியாமல் செய்ததை இந்த நூல் அறிந்தே செய்யவேண்டும். சேலா அரிசி இட்லி, பத்துவா மசியல், முள்ளங்கிச் சாம்பார், உடைத்த கோதுமைப் பொங்கல் ஆகியவற்றுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ராஜ்மாவை விழுப்புரம் அக்காவின் பெயரிலேயே, அவர் சம்மதித்தால், சேர்க்கவேண்டும். அதில் புளி ஊற்றலாம் என்பது அவர் கட்சி, தக்காளியே போதும் என்பது என் கட்சி. இரண்டு விதமாகவும் எழுதிவிடலாம்.